எமது கிணற்றில் வளர்வது எந்த நுளம்பு? டி. என். ஏ. முறை தரும் அறிவும் எமது கடமையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால், எமக்கு நீர் தருவது நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக்கற் பாறையே. அந்த நீரை எமது முன்னோர் கிணறு வெட்டி எடுத்தார்கள். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிணற்றை நம்பியே விளைந்தன. ஆகவே குடாநாட்டின் சுற்றாடலைப் பற்றிப் பேசுவதென்றால் கிணற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1990இல் வலிகாமம் வடக்கை விட்டும், 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதையும் விட்டும் நாம் வெளியேறியபோது கிணறுகளை விட்டுவிட்டே வந்தோம். காணி திரும்பக் கிடைத்தவர்கள் முதலில் எட்டிப் பார்த்தது கிணற்றைத்தான். இன்னும் சிலர் உறவினர் வளவிலும் வாடகைக் காணியிலும் இருந்து, பிறருடைய கிணற்றில் அள்ளுகிறார்கள். ஆள் இல்லாத காலத்தில் கிணறு வெறுமையாக இருந்ததில்லை. தவளையும் மீனும் தும்பியின் குடம்பிகளும் அங்கே வாழ்ந்தன. நுளம்பும் வாழ்ந்தது.

இந்தப் பாடத்தில், அண்மைக் காலத்தில் எமது நாட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு நுளம்பைப் பற்றி அறிவோம். அதனை விஞ்ஞானிகள் டி. என். ஏ. முறையால் எவ்வாறு உறுதிப்படுத்தினார்கள் என்பதையும், அந்த அறிவை வைத்து எமது கிணற்றில் நாம் என்ன செய்யலாம் என்பதையும் பார்ப்போம்.

1. மலேரியா போன கதை

மலேரியாவை எமது மூத்தவர்கள் நன்கு அறிவார்கள். குளிரும் நடுக்கமும், விட்டு விட்டு வரும் காய்ச்சலும் அதன் அடையாளங்கள். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 பேரின் உயிரைக் கொண்டுபோனது. பின்னர் டி. டி. ரி. மருந்து தெளித்து நோய் அடக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர் மட்டுமே பதிவாயினர். நோய் ஒழிந்தது என்று எண்ணிக் கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் மட்டும் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். கண்ணை மூடினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் தேவையில்லை.

போர்க் காலத்திலும் நோய் ஓயவில்லை. 1999இல் நாட்டில் 2,60,000க்கு மேற்பட்ட நோயாளர் பதிவாயினர். அதில் வடக்கு கிழக்கின் பங்கு பெரிது. மரங்களின் கீழும் கூடாரங்களிலும் வலையின்றிப் படுத்த இடம்பெயர்ந்த மக்களே அதிகம் துன்பப்பட்டார்கள். அதன்பின் சுகாதாரப் பணியாளர்கள் போரின் நடுவிலும் உழைத்தார்கள். இரத்தப் பரிசோதனை, மருந்து, வலை, நுளம்புக் கண்காணிப்பு எல்லாம் ஒன்றுசேர்ந்து பயன் தந்தன. உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்ரோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

நோய் போய்விட்டது, ஆனால் நோயைக் காவும் நுளம்பு போகவில்லை. மலேரியா நுளம்பில் பிறப்பதில்லை. நோயுள்ள மனிதரைக் கடித்த அனோபிலிஸ் பெண் நுளம்பு கிருமியைப் பெற்று, சில நாட்களின் பின் வேறொருவரைக் கடிக்கும்போது அது தொற்றுகிறது. வெளிநாடுகளிலிருந்து மலேரியாக் கிருமியோடு வருபவர்கள் ஆண்டுதோறும் இலங்கையில் கண்டறியப்படுகிறார்கள். 2018இல் அவ்வாறு வந்த ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக இங்குள்ள ஒருவருக்கு நோய் தொற்றிய சம்பவமும் பதிவாயிற்று. உடனே கண்டுபிடித்ததால் அது மேலும் பரவவில்லை. கிருமியும் நுளம்பும் சந்திக்கும் இடத்தில்தான் ஆபத்து உள்ளது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிப்போம்.

2. புதிதாக வந்த நுளம்பு

மலேரியா அற்ற நாடு என்ற அறிவிப்பு வந்த அதே 2016இன் இறுதியில், மன்னார்த் தீவில் இதுவரை இலங்கையில் காணப்படாத ஒரு நுளம்பு அகப்பட்டது. அதன் பெயர் அனோபிலிஸ் ஸ்டெபென்சி. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் முதன்மையான நுளம்பு இதுவே. சென்னையில் வீட்டுக் கிணறுகளிலும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகளிலும் இது பெருகுவது நெடுங்காலமாகத் தெரிந்த விடயம்.

மன்னாரில் அகப்பட்ட நுளம்பைப் பார்த்தவர்கள் உருவ அமைப்பைக் கொண்டு அது ஸ்டெபென்சி என்று கருதினர். அதன் டி. என். ஏ.யை வாசித்து அது சரியென்று உறுதிசெய்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையைச் சேர்ந்த பேராசிரியர் எஸ். என். சுரேந்திரனும் அவருடைய குழுவினரும் பேசாலையில் குடம்பிகளைச் சேகரித்து, வளர்த்து, மேலும் ஆராய்ந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். பின்னர் யாழ்ப்பாண நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இதே நுளம்பு இருப்பதை அவர்கள் 2019இல் அறிவித்தனர். கிணறுகளிலும் நீர்த் தொட்டிகளிலும் அது வளர்ந்தது. பல வகைப் பூச்சிநாசினிகளை அது தாங்கி நிற்பதும் தெரியவந்தது.

இந்தியாவிலிருந்து அது கடல் கடந்து வந்திருக்கலாம் என்பது ஆய்வாளரின் கருத்து. தலைமன்னாருக்கும் இந்தியக் கரைக்கும் இடையே உள்ள கடல் ஒடுங்கியது. படகில் நீர் தேங்கிய ஒரு பாத்திரம் போதும், நுளம்பு பயணம் செய்வதற்கு.

இதனால் என்ன கெடுதி என்று கேட்கலாம். ஆபிரிக்காவில் உள்ள சிபூட்டி என்ற சிறிய நாட்டைப் பாருங்கள். அங்கே இந்த நுளம்பு 2012இல் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டில் அங்கு பதிவான மலேரியா நோயாளர் 27 பேர். 2020இல் அத்தொகை 70,000ஐத் தாண்டியது. எமது நாட்டில் அவ்வாறு நடக்கவில்லை. நடக்காமல் வைத்திருப்பதே எமது வேலை.

3. கண்ணால் பார்த்தால் போதாதா?

உலகில் 3,500க்கு மேற்பட்ட நுளம்பு இனங்கள் உள்ளன. அவற்றுள் அனோபிலிஸ் வகையில் 400க்கு மேற்பட்ட இனங்கள் அடங்கும். மலேரியாவை நன்கு பரப்பக்கூடியவை ஏறத்தாழ 40 மட்டுமே. ஆகவே ஓர் அனோபிலிஸ் நுளம்பைக் கண்டவுடன் அது கெட்டது என்று சொல்லிவிட முடியாது. எந்த இனம் என்று அறிய வேண்டும்.

நன்கு பயின்றவர்கள் உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் சிறகின் புள்ளிகளையும் காலின் வளையங்களையும் பார்த்து இனங்காண்பார்கள். அது இன்றும் முதற்படிதான். ஆனால் உருவத்தில் ஒன்றுபோல் இருந்து, இயல்பில் வேறுபடும் இனங்கள் உண்டு. தோட்டத்தில் நிற்கும் இரண்டு மிளகாய்க் கன்றுகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், காய்த்த பிறகு ஒன்று வேறு வர்க்கம் என்று தெரிவதில்லையா? அது போன்றதே இதுவும்.

எமது நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் உள்ளது. கரையோர உவர்நீரில் வளரும் ஒரு நுளம்பை அனோபிலிஸ் சப்பிக்டஸ் என்பதன் ஒரு பிரிவாகவே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2010இல் சுரேந்திரன் குழுவினர் அதன் டி. என். ஏ.யை வாசித்தபோது, அவ்வாறு பெயரிடப்பட்டவற்றுள் பல, அனோபிலிஸ் சுண்டைக்கஸ் என்ற வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தவை என்று கண்டார்கள். தென்கிழக்காசியக் கரையோரங்களில் மலேரியாவைப் பரப்பும் கூட்டம் அது. நுளம்பு மாறவில்லை, எமக்கு அதன் சரியான பெயர் தெரிந்தது.

4. டி. என். ஏ.யை எப்படி வாசிக்கிறார்கள்?

ஒவ்வோர் உயிரின் உடலும் கண்ணுக்குத் தெரியாத சிறு கலங்களால் ஆனது. அக்கலங்களுக்குள் நீண்ட நூல்போல் ஒரு பொருள் இருக்கிறது. அதுவே டி. என். ஏ. தாய் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வரும் குறிப்புகள் எல்லாம் அதில் அடங்கியுள்ளன. அந்தக் குறிப்பு நான்கு எழுத்துகளால் மட்டுமே எழுதப்பட்டது. ஏ, ரி, ஜி, சி என்று அவற்றை அழைக்கிறார்கள். நெல்லுக்கும் பனைக்கும் நுளம்புக்கும் மனிதருக்கும் இதே நான்கு எழுத்துகள்தான். எழுத்துகள் வரும் ஒழுங்குதான் வேறு.

நூல் முழுவதையும் வாசிக்கத் தேவையில்லை. 2003இல் கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் ஹீபேர்ட் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். விலங்குகள் எல்லாவற்றிலும் இருக்கும் ஒரு குறிப்பிட்ட துண்டை, ஏறத்தாழ 650 எழுத்து நீளமானதை, வாசித்தாலே பெரும்பாலும் இனத்தை அறியலாம் என்றார்கள். கடையில் பொருளின் உறையில் கறுப்புக் கோடுகள் இருக்கின்றனவே. அந்தக் கோட்டைப் பார்த்து இயந்திரம் பொருளின் பெயரைச் சொல்வதுபோல, இந்தத் துண்டைப் பார்த்து உயிரினத்தின் பெயரைச் சொல்லலாம் என்பது அவர்களுடைய எண்ணம்.

ஆய்வுகூடத்தில் வேலை இந்த ஒழுங்கில் நடக்கிறது.

முதலாவது: நுளம்பின் ஒரு காலையோ உடலின் ஒரு பகுதியையோ எடுத்து, அரைத்து, டி. என். ஏ.யைப் பிரித்தெடுப்பார்கள்.

இரண்டாவது: வேண்டிய துண்டை மட்டும் பெருக்குவார்கள். 2020இல் கொரோனாக் காலத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட பி. சி. ஆர். என்பது இதுதான். 1983இல் கெரி முலிஸ் என்பவர் இதனைக் கண்டுபிடித்தார். அதற்காக 1993இல் நோபல் பரிசு பெற்றார். சூடாக்கும்போது டி. என். ஏ.யின் இரட்டை இழை பிரியும். ஆறவிட்டு மீண்டும் சற்றுச் சூடாக்கும்போது ஒவ்வோர் இழைக்கும் புதிய துணை இழை உருவாகும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இவ்வாறு 30 முறை செய்தால் ஒரு துண்டு 100 கோடிக்கு மேற்பட்ட துண்டுகளாகும்.

மூன்றாவது: பெருக்கிய துண்டின் எழுத்துகளை இயந்திரம் ஒவ்வொன்றாக வாசிக்கும்.

நான்காவது: அந்த எழுத்து வரிசையை, உலகெங்கும் விஞ்ஞானிகள் சேர்த்து வைத்திருக்கும் பொதுப் பதிவேட்டோடு ஒப்பிடுவார்கள். எந்த இனத்தோடு பொருந்துகிறதோ அதுவே அதன் பெயர். எந்த நாட்டு நுளம்போடு மிக நெருங்கி இருக்கிறது என்பதையும் பார்க்கலாம்.

கடைசிப் படியில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் ஒப்பிட முடியும். அந்தப் பெயரை முதலில் எழுதியவர், நுளம்பைக் கையில் பிடித்து உருவத்தைப் பார்த்து இனங்கண்ட ஒருவரே. ஆகவே டி. என். ஏ. முறை பழைய அறிவைத் தள்ளிவிட்டு வந்ததல்ல. அதன் தோளில் ஏறி நிற்கிறது.

இதே முறை பயிர்ப் பூச்சிகளுக்கும் உதவுகிறது. சோளத்தைத் தின்னும் படைப்புழு 2018 மே மாதத்தில் இந்தியாவின் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் இலங்கைக்கும் வந்தது. அதில் சோளத்தை விரும்பும் வர்க்கம், நெல்லை விரும்பும் வர்க்கம் என இரண்டு உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. டி. என். ஏ.யே அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது.

5. பெயர் தெரிந்தால் வேலை மாறும்

பெயரைத் தெரிந்து என்ன பயன் என்று எண்ண வேண்டாம். பெயரைப் பொறுத்தே எங்கே தேடுவது என்பதும், என்ன செய்வது என்பதும் மாறுகின்றன.

இலங்கையில் முன்பு மலேரியாவைப் பரப்பிய முதன்மை நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ். வரட்சியில் ஆறு வற்றும்போது மணலில் தேங்கும் குட்டைகளே அதற்குப் பிரியமான இடம். ஆகவே மலேரியா என்றால் காடும் ஆற்றோரமும் என்ற எண்ணம் எமக்குள் ஊறிவிட்டது. ஸ்டெபென்சி அப்படியல்ல. அது வீட்டருகே வாழும். நாம் குடிக்கும் தெளிந்த கிணற்று நீரிலும், சீமெந்துத் தொட்டியிலும், மேல்நிலைத் தாங்கியிலும் முட்டையிடும். அழுக்கு நீரில்தான் நுளம்பு பெருகும், எமது கிணறு சுத்தம் என்று சொல்லி இருக்க முடியாது.

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பும் எமக்கு இதே பாடத்தைத் தந்தது. நன்னீரில் மட்டுமே அது வளரும் என்று எங்கும் கற்பித்தார்கள். ஆனால் யாழ்ப்பாணக் கரையோரத்தில் உவர்நீர் தேங்கிய பாத்திரங்களிலும் கிணறுகளிலும் அதன் குடம்பிகள் இருப்பதைச் சுரேந்திரனும் பேராசிரியர் ரஞ்சன் ராமசாமியும் அவர்களோடு உழைத்தவர்களும் 2011, 2012ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் எடுத்துக்காட்டினார்கள். கிணறு உவர்ப்பாகிவிட்டது, இனி அதில் நுளம்பு வராது என்று கரையோரக் குடும்பங்கள் எண்ணுவது சரியல்ல.

6. நீரையே வாசிக்கும் முறை

இப்போது இன்னொரு முறையும் வளர்ந்து வருகிறது. நீரில் வாழும் உயிர்கள் தோலையும் செதிலையும் கழிவையும் நீரில் விடுகின்றன. அவற்றோடு டி. என். ஏ.யும் நீரில் கலக்கிறது. சிறிதளவு நீரை வடிகட்டி, அதிலுள்ள டி. என். ஏ.யை வாசித்தால், உயிரைப் பிடிக்காமலே அது அங்கு இருந்ததை அறியலாம். 2008இல் பிரான்சில், வெளியிலிருந்து வந்து பெருகிய அமெரிக்கப் பெருந்தவளையைக் குளத்து நீரைக் கொண்டே கண்டுபிடித்துக் காட்டினார்கள். ஸ்டெபென்சி குடம்பிகளை வளர்த்த நீரிலிருந்து அதன் டி. என். ஏ.யைக் கண்டறியலாம் என்பதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. அம்முடிவு 2023இல் வெளிவந்தது.

இதன் எல்லையையும் அறிந்துகொள்வோம். நீரில் டி. என். ஏ. இருந்தால் அந்த உயிர் அங்கு இருந்தது என்று தெரியும். இன்று உயிரோடு இருக்கிறதா, எத்தனை இருக்கின்றன என்று திட்டமாகத் தெரியாது. வெயிலிலும் சூட்டிலும் டி. என். ஏ. விரைவில் சிதைந்துவிடும். ஆகவே அகப்படவில்லை என்பதற்காக அங்கு ஒன்றும் இல்லை என்று தீர்மானிக்கவும் முடியாது. வேறு கிணற்றில் தோய்ந்த வாளியை இந்தக் கிணற்றில் விட்டால் பிழையான விடை வரும். இயந்திரமும் மருந்துகளும் விலை கூடியவை.

எல்லாவற்றையும் விடப் பெரிய எல்லை ஒன்று உண்டு. குடாநாட்டிலுள்ள கிணறுகள் ஒரு இலட்சத்துக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் எந்தத் திணைக்களமும் அத்தனை கிணறுகளையும் வாரந்தோறும் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் ஒவ்வொரு கிணற்றுக்கும் அருகில் ஒரு குடும்பம் இருக்கிறது. நுளம்புக்குப் பெயர் வைப்பது ஆய்வுகூடத்தின் வேலை. நுளம்பு எங்கே இருக்கிறது என்று சொல்வது எமது வேலை.

7. எமது கிணற்றைப் பார்க்கும் முறை

நுளம்பின் முட்டை நீரில் பொரித்து, குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துப் பறக்க ஏறத்தாழ 8 முதல் 14 நாட்கள் செல்லும். ஆகவே வாரத்துக்கு ஒரு முறை பார்ப்பது போதுமானது. ஞாயிறு பூசையோ ஆராதனையோ முடிந்து வந்த பிறகு பார்ப்பதென்று ஒரு வழக்கமாக வைத்துக்கொண்டால் மறவாது.

அ. நிழல் நீரில் விழாதபடி மெதுவாகக் கிணற்றை அணுகுங்கள். நிழலோ அசைவோ பட்டால் குடம்பிகள் கீழே போய்விடும்.

ஆ. வாளியைச் சரித்து, கிணற்றுச் சுவரோரமாக மேல்நீரை மட்டும் அள்ளுங்கள். ஆழத்து நீரில் குடம்பி அகப்படாது.

இ. வெள்ளை நிறப் பாத்திரத்தில் ஊற்றி, நீர் அசைவின்றி நிற்கும்வரை பொறுத்திருங்கள்.

ஈ. குடம்பிகள் எப்படிக் கிடக்கின்றன என்று பாருங்கள். நீர்மட்டத்தோடு படிந்து படுக்கையாகக் கிடந்தால் அது அனோபிலிஸ் வகை. தலை கீழாகச் சரிந்து தொங்கினால் அது கியூலெக்ஸ் அல்லது ஈடிஸ் வகை.

உ. படுக்கையாகக் கிடப்பவை எல்லாம் ஸ்டெபென்சி அல்ல. அதனை நாம் தீர்மானிக்க வேண்டியதில்லை. அதே கிணற்று நீர் பாதி நிரம்பிய போத்தலில் சில குடம்பிகளை விட்டு, காற்றுப் போக மூடியில் துளையிட்டு, அன்றைக்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ மலேரியாத் தடை இயக்கப் பணிமனையிலோ கொடுங்கள். போர்மலின் போன்ற மருந்தில் இட வேண்டாம், அது டி. என். ஏ.யைக் கெடுத்துவிடும்.

ஊ. போத்தலில் ஒரு துண்டை ஒட்டி, திகதி, கிராமம், யாருடைய வளவு, பாவிக்கும் கிணறா கைவிட்ட கிணறா, நன்னீரா உவரா என்று எழுதுங்கள். இடம் தெரியாத மாதிரி ஆய்வாளருக்குப் பாதிப் பயனே தரும்.

மேல்நிலைத் தாங்கி, சீமெந்துத் தொட்டி, மாட்டுக்கு நீர் வைக்கும் பாத்திரம் ஆகியவற்றையும் இவ்வாறே பாருங்கள்.

8. செய்ய வேண்டியவையும் தவிர்க்க வேண்டியவையும்

பாவிக்கும் கிணற்றை நுண்ணிய கண்ணுள்ள வலையால் மூடுவது நல்லது. வாளி இறங்கும் பக்கத்தில் திறந்து மூடக்கூடிய சட்டம் வைக்கலாம். தாங்கிகளின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். குடம்பி தின்னும் மீன்களைக் கிணற்றில் விடும் வேலையைச் சுகாதாரப் பகுதியினர் செய்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். குளோரின் இட்ட நீரில் மீன் பிழைக்காது என்பதால் அவர்களிடம் அதையும் சொல்லுங்கள். இந்த மீன்களை அள்ளிக் குளத்திலோ கேணியிலோ விட வேண்டாம். கப்பி மீன் எமது நாட்டுக்குரியதல்ல. ஒரு வேற்று உயிரை அடக்கப்போய் இன்னொன்றைப் பரப்பிவிடக் கூடாது. கேணியிலும் குளத்திலும் ஏற்கெனவே உள்ள சிறு மீன்களும் தும்பியின் குடம்பிகளும் நுளம்பைத் தின்று எமக்கு உதவுகின்றன. அவற்றை வாழவிடுவோம்.

மண்ணெண்ணெயையோ பயிருக்கு அடிக்கும் மருந்தையோ கிணற்றில் ஊற்ற வேண்டாம். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியாக ஒரு கிணற்று நீர் இன்னொரு கிணற்றுக்குப் போகும். நீங்கள் ஊற்றியதை அயல் வீட்டுக் குழந்தை குடிக்கும். ஸ்டெபென்சி பல மருந்துகளைத் தாங்கும் என்று முன்னர் கண்டோம். கண்டபடி மருந்து இடும்போது பலவீனமான நுளம்பு சாகும். தாங்கக்கூடியது பிழைத்துப் பெருகும்.

கைவிட்ட கிணற்றைக் குப்பையால் நிரப்பவும் வேண்டாம். அந்த அழுக்கும் அதே நிலத்தடி நீரில்தான் சேரும். மூடி வைப்பதா, மீன் விடுவதா, துப்புரவாக்கிப் பாவிப்பதா என்று கிராமமாகக் கூடிச் சுகாதாரப் பரிசோதகரோடு பேசித் தீர்மானியுங்கள்.

திரும்பிச் செல்லும் குடும்பங்கள் உயிர் ஆபத்தையும் கவனிக்க வேண்டும். கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று அறிவிக்கப்படாத காணிக்குள் கிணறு பார்க்கப் போக வேண்டாம். கட்டு இடிந்த கிணறுகள் பற்றைக்குள் மறைந்திருக்கும். பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். நெடுநாள் கிடந்த கிணற்றுக்குள் காற்றுக் கெட்டிருக்கலாம். தனியே இறங்க வேண்டாம். நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கினால் அதன் புகையே ஆளைக் கொல்லும்.

இந்தியாவிலிருந்தோ மலேரியா உள்ள வேறு நாட்டிலிருந்தோ திரும்பியவர்களுக்கு ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால், சென்ற நாட்டைச் சொல்லி இரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். அரச வைத்தியசாலையில் அது இலவசம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முகாமிலிருந்து திரும்பி வந்தவர்களை நோய் கொண்டுவந்தவர்கள் என்று ஒதுக்குவது அநியாயம், ஆபத்தும்கூட. ஒதுக்கப்படுவோம் என்று பயந்தவர் காய்ச்சலை மறைப்பார். மறைத்த காய்ச்சலே ஊருக்குப் பரவும்.

9. அறிவு ஊருக்குத் திரும்பி வரட்டும்

எமது கிணற்றிலிருந்து மாதிரி எடுத்துச் சென்றால், என்ன கண்டார்கள் என்று கேட்டறியும் உரிமை எமக்கு உண்டு. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் ஒரு கொப்பியில் கிணறுகளின் பட்டியலை எழுதி, எந்த நாளில் பார்த்தோம், என்ன கண்டோம், யாரிடம் கொடுத்தோம், என்ன பதில் வந்தது என்று பதிந்து வரலாம். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கும் வளவுகளின் கிணறுகளையும், இன்னும் திரும்பாத குடும்பங்களின் கிணறுகளையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நுளம்புக்கு வேலி எல்லை கிடையாது. இடம்பெயர்ந்து இன்னொருவர் வளவில் இருப்பவர்களும், இது எமது கிணறு அல்லவே என்று விட்டுவிடாமல் பார்க்கலாம். நீரைப் பாவிப்பவர் எல்லோருக்கும் அதில் பங்குண்டு.

ஈசாக்கு தன் தகப்பனாகிய ஆபிரகாமின் காலத்தில் வெட்டப்பட்டுப் பின்பு தூர்ந்துபோன கிணறுகளை மீண்டும் தோண்டினதையும், தகப்பன் இட்ட பெயர்களையே அவற்றுக்கு இட்டதையும் ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். அங்கே குடியேறியவன் செய்த முதல் வேலைகளுள் அது ஒன்று. எமது கிணறுகளுக்கும் பெயர்கள் உண்டு. அவற்றைத் துப்புரவாக்கும்போது அங்கு வாழும் உயிர்களின் பெயர்களையும் அறிந்து வைப்போம். 1963க்குப் பின் நாடு கண்ணை மூடியதுபோல இம்முறை மூடாதிருப்போம்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் பாவனையில் உள்ள கிணறுகள் எத்தனை? கைவிடப்பட்டவை எத்தனை? யாருக்குத் தெரியும்?

2. எமது கிணற்றில் இவ்வாரம் குடம்பி இருந்ததா? அவை படுக்கையாகக் கிடந்தனவா, தொங்கினவா?

3. குடம்பிகள் அகப்பட்டால் எமது பகுதியில் யாரிடம், எங்கே கொடுப்பது? அவருடைய தொலைபேசி இலக்கம் எமது சங்கக் கொப்பியில் உள்ளதா?

4. சொந்தக்காரர் இல்லாத வளவின் கிணற்றைப் பார்க்கும் பொறுப்பை யார் ஏற்பது?

5. கடந்த ஓராண்டில் வெளிநாட்டிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு, காய்ச்சல் வந்தால் செய்ய வேண்டியதை அன்போடு எடுத்துச் சொன்னோமா?